முற்றம் இருந்தால் தீயிலிருந்து தப்பிவிடலாமா?

பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, கீழே சாப்பாட்டுக் கடையும் மாடியில் விசேஷங்களுக்கு ஒரு கூடமும் வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். முன்வாசல் ஒன்று, பின்னால் முற்றம் ஒன்று. தீப்பிடித்தால் எல்லாரும் முற்றத்துக்குப் போய்விடலாமே, அது போதாதா என்பது உங்கள் கேள்வி.

போதாது. கட்டட வரைபடம் வரைவது என் தொழில். ஆனால் இந்த விஷயத்தை நான் கற்றுக்கொண்டது கடைத்தெருப் பக்கம் என் மாமா நடத்திய கடையில். ஒருநாள் மதியம் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. சமையல் ஆட்களும் சாப்பிட வந்தவர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் முற்றத்துக்கு ஓடினோம். பின்கதவில் பூட்டு. சாவி முன்னால் கல்லாப்பெட்டியில். சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் சுவர். தலைக்கு மேல் மழைக்காகப் போட்ட தகரத்தின் அடியில் புகை சேர ஆரம்பித்தது. சுவரோரம் கேஸ் சிலிண்டர்கள். குழவிக்கல்லால் பூட்டை உடைத்துத்தான் வெளியே வந்தோம். யாருக்கும் காயமில்லை, ஆனால் அந்தச் சில நிமிடங்கள் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

வெளியேறும் வழி தெருவில் போய் முடிய வேண்டும். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் கட்டட விதிகளில், தெருவரை வழி விட முடியாத இடத்துக்கு ஒரு விலக்கு உண்டு: கட்டடத்திலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, ஆளுக்கு 5 சதுர அடி இடம் ஒதுக்க வேண்டும். கடைவீட்டு முற்றத்தில் 50 அடிக்கு எங்கே போவது?

நம் மலேசியாவில் 1984ஆம் ஆண்டின் கட்டடத் துணை விதிகள், சில விலக்குகள் தவிர, ஒவ்வொரு மாடிக்கும் குறைந்தது இரண்டு தனித்தனி வழிகளைக் கேட்கின்றன. அந்தக் கதவுகள் உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும். 2017 செப்டம்பரில் கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதி எரிந்து 23 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பையன்கள். ஜன்னல்களில் இரும்புக் கிரில். திருடனுக்குப் பயந்து நாம் போடும் அதே கிரில்தான். அந்தச் செய்தியைப் படித்த பிறகு, பூட்டுப் போட்ட கிரிலை என் வரைபடத்தில் வழி என்று நான் குறித்ததில்லை.

சரி, உங்கள் முற்றத்துக்கு வருவோம். பின்கதவுக்குப் பூட்டு வேண்டாம், உள்ளிருந்து அழுத்தினால் திறக்கும் தாழ் போடுங்கள். கதவு சந்துப் பக்கம் திறக்கட்டும், ஆனால் திறக்கும் இடத்தில் சாக்கடை மூடி இருக்கிறதா, குப்பைத் தொட்டியோ மோட்டார் சைக்கிளோ நிற்கிறதா என்று பாருங்கள். கூரை போடுவதானால் புகை போக நல்ல இடைவெளி விடுங்கள். கேஸையும் அடுப்பையும் மக்கள் நடக்கும் பாதையிலிருந்து விலக்கி வையுங்கள். உள்ளே பேட்டரி விளக்கும் பச்சை 'கெலுவார்' (வெளியே செல்லும் வழி) பலகையும் மாட்டுகிறவர்கள் முற்றத்தை மறந்துவிடுகிறார்கள். அங்கேயும் வேண்டும், மின்சாரம் போனால் அதுவும் இருட்டுதான்.

மாடிதான் எனக்குப் பெரிய கவலை. பழைய கடைவீடுகளில் ஒடுங்கிய மரப்படி ஒன்றுதான் இருக்கும், பல வீடுகளில் அது வானவெளியை, அதாவது வீட்டுக்குள் கூரையில்லாமல் திறந்திருக்கும் இடத்தை, ஒட்டியே ஏறும். கீழே பற்றினால் புகை முதலில் அந்த வழியாகத்தான் மேலே வரும். சமையலறையைத் தொடாமல் இறங்கும் இரண்டாவது படிக்கட்டு கட்ட முடியாவிட்டால், மாடியில் கூடம் வைக்காதீர்கள். வருமானம் குறையும், தெரிந்தேதான் சொல்கிறேன்.

வேலை தொடங்கும் முன் பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் ஒருவரோடு போம்பா (தீயணைப்புத் துறை) அலுவலகத்துக்குப் போய் வரைபடத்தைக் காட்டுங்கள். கடை 2008இல் உலக மரபுச் சின்னமான பகுதிக்குள் இருந்தால் மாநகர் மன்ற அனுமதியும் வேண்டும். அப்புறம், திறப்பு விழாவுக்கு முன் ஒரு ராத்திரி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, உங்கள் ஆட்களில் வயதானவரை மாடியிலிருந்து பின்சந்து வரை நடந்துபோகச் சொல்லுங்கள். அவர் எங்கெல்லாம் தடுமாறி நிற்கிறார் என்று குறித்துக்கொண்டு, காலையில் அந்த இடங்களைச் சரிசெய்யுங்கள்.