வீட்டுக்கு என்ன விலை சொல்லலாம்? கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தெருவில் இதே அளவு வீட்டுக்கு ஒருவர் 100 லட்சம் சொல்கிறார். நானும் அதையே சொல்லலாமா சார்?

பதில்: சொல்கிறார், சரி. விற்றாரா? சொல்லும் விலை அவருடைய ஆசை. உங்களுக்கு வேண்டியது விற்றுமுடிந்த விலை. கடந்த ஆறு மாதத்தில் அதே பகுதியில் கைமாறிய மூன்று நான்கு வீடுகளைப் பிடியுங்கள். அதில் கார் நிறுத்த இடம் இருந்து உங்களுடையதில் இல்லை என்றால், அந்த விலையிலிருந்து கழியுங்கள். உங்களுடையதில் ஒரு அறை கூடுதல் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்ப்பதை எல்லோரும் மறக்காமல் செய்கிறார்கள், கழிப்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: போன வருடம்தான் சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டினோம். அந்தச் செலவை அப்படியே விலையில் ஏற்றலாமா?

பதில்: அப்படியே ஏறாது. உங்கள் ரசனைக்குச் செய்ததை வருபவர் மறுபடி இடிக்கலாம். ஒழுகும் கூரையைச் சரிசெய்த செலவு வேறு கணக்கு. அது விலையை ஏற்றாவிட்டாலும் பேரத்தில் இறங்காமல் காக்கும்.

கேள்வி: எப்படியும் குறைத்துத்தான் கேட்பார்கள். 20 சதவீதம் கூட்டிச் சொல்லிவிட்டால் என்ன?

பதில்: அதிகம் வரும் கேள்வி இதுதான். முதலில் உங்கள் பக்கத்து நியாயம். 1987-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே வீட்டைத் தரகர்களுக்குக் காட்டி, தாளில் இருந்த கேட்பு விலையை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றினார்கள். அதிக விலையைப் பார்த்தவர்கள் வீட்டின் மதிப்பையும் அதிகமாகவே சொன்னார்கள். தொழில் தெரிந்தவர்களே அசைந்தார்கள்!

ஆனால் அந்த வித்தை வீட்டுக்குள் வந்து பார்ப்பவரிடம்தான் பலிக்கும். இன்று தேடுபவர்கள் உச்சவரம்பு போட்டுத் தேடுகிறார்கள். 100 வரை என்று தேடுபவர் கண்ணில் உங்கள் 120 படவே படாது. 120 வைத்திருப்பவரோ அந்தப் பணத்துக்கு உண்மையிலேயே கிடைக்கும் பெரிய வீட்டோடு உங்களுடையதை ஒப்பிடுவார். உங்கள் வீடு அந்த வீட்டை விற்றுக்கொடுக்கும், அவ்வளவுதான். அதோடு, ஆர்வமாகக் காத்திருப்பவர்கள் வருவது முதல் சில வாரங்களில். அதைத் தவறவிட்டால் "இத்தனை நாள் ஏன் போகவில்லை, என்ன வில்லங்கம்?" என்ற சந்தேகம் வந்துவிடும். பேரத்துக்கு ஐந்து சதவீதம் போல வைத்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து.

கேள்வி: மூன்று தரகர்களைக் கேட்டேன். ஒருவர் மட்டும் மற்றவர்களைவிட ரொம்ப அதிகம் சொல்கிறார். அவரிடமே கொடுத்துவிடலாமா?

பதில்: எந்த வீடுகள் விற்றதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், வேலையைப் பிடிக்கச் சொன்ன விலை அது. இரண்டு மாதம் கழித்து அவரே "குறைக்கலாமே" என்பார்.

எதிர்ப்பக்கமும் உண்டு, சீக்கிரம் முடிக்க விலையைக் குறைக்கச் சொல்லும் தரகர். 2 சதவீதத் தரகில், நீங்கள் 10 கூடுதலாக வாங்கினால் தரகருக்குக் கிடைப்பது 0.2. அதற்காக அவர் ஏன் காத்திருக்க வேண்டும்? லெவிட், சைவர்சன் என்ற பொருளியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், தரகர்கள் சொந்த வீட்டை விற்கும்போது சுமார் 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, சுமார் 3.7 சதவீதம் அதிகம் வாங்கியிருந்தார்கள்.

கேள்வி: கடனை அடைக்க எனக்கு 90 தேவை ஐயா. சந்தையில் 80தான் போகிறது.

பதில்: உங்கள் கடன் வாங்குபவருக்குச் சம்பந்தமில்லாத விஷயம். 80 போதாது என்றால் விற்பதைத் தள்ளிப்போட முடியுமா, வாடகைக்கு விட்டுத் தவணையைச் சமாளிக்க முடியுமா என்று பாருங்கள்.

கேள்வி: விளம்பரம் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது, ஒன்றும் படியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கட்டுமா?

பதில்: பார்க்கவே ஆள் வரவில்லையா, வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறார்களா? முதலாவது என்றால் பெரும்பாலும் விலைதான் காரணம். படங்கள் மோசமாக இருந்தாலும் இப்படி ஆகும், அதையும் பாருங்கள். இரண்டாவது என்றால் வீட்டுக்குள் ஏதோ உறுத்துகிறது. வந்தவர்களையே கூச்சப்படாமல் கேளுங்கள். குறைப்பதானால் ஒரே தடவையில், அடுத்த உச்சவரம்புக்குள் விழுகிற மாதிரி குறையுங்கள். 104-ஐ 102 ஆக்கிப் பயனில்லை, 99 ஆக்குங்கள். மாதாமாதம் துளித்துளியாக இறங்கினால், அடுத்த மாதமும் இறங்கும் என்று பார்ட்டி காத்திருப்பார்.