இருபது பயனர்களுக்கு இவ்வளவு செலவா?

கேள்வி: எதீரியம் என்ற பிளாக்செயினில் இயங்கும் சிறிய செயலி ஒன்றை நடத்திவருகிறேன். சொந்தமாக நோடு (பிளாக்செயினின் தரவை வைத்திருந்து கேள்விகளுக்குப் பதில் தரும் கணினி) இல்லை. நோடு வசதி தரும் ஒரு நிறுவனத்தின் இலவசத் திட்டத்தில் இருக்கிறேன். பயனர் ஒவ்வொருவருக்கும் ஐந்து டோக்கன்களின் இருப்பை நொடிக்கொரு முறை புதுப்பித்துக் காட்டுகிறேன். பயனர்கள் இருபது பேர்தான். ஆனாலும் மாத ஒதுக்கீடு சில நாட்களிலேயே தீர்ந்துவிடுகிறது. இவர்கள் எதைக் கணக்கிடுகிறார்கள்?

பதில்: பயனர்களை அல்ல, உங்கள் செயலி நோடிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் (இதை ‘அழைப்பு’ என்பார்கள்) கணக்கிடுகிறார்கள், பல நிறுவனங்கள் எண்ணுவதோடு நிற்காமல், ஆகும் வேலைக்கு ஏற்ப எடையும் போடுகின்றன. இந்த எடையை ஆல்கெமி நிறுவனம் ‘கம்ப்யூட் யூனிட்’ என்கிறது. குயிக்நோடு நிறுவனம் ‘கிரெடிட்’ என்கிறது. கடைசி பிளாக்கின் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) எண்ணைக் கேட்டால் நோடு உடனே சொல்லிவிடும் என்பதால் அதற்கு எடை குறைவு. ஒரு ஒப்பந்தத்தின் (பிளாக்செயினில் ஓடும் நிரல்) நிகழ்வுப் பதிவுகளை ஆயிரக்கணக்கான பிளாக்குகளில் தேடச் சொல்லும் ‘கெட்லாக்ஸ்’ அழைப்புக்கு எடை பல மடங்கு. முடிந்துபோன பரிவர்த்தனையை மறுபடி இயக்கி, படிப்படியாகக் காட்டச் சொல்லும் ‘டிரேஸ்’ அழைப்பும் கனமானதே.

உங்கள் செயலியில் கனமான அழைப்பு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. இருபது பேரும் நாளுக்கு எட்டு மணி நேரம் திரையைத் திறந்து வைத்திருந்தால், ஆளுக்கு நொடிக்கு ஐந்து கேள்வி வீதம் ஒரே நாளில் 28,80,000 அழைப்புகள் ஆகின்றன. எதீரியத்தில் புதிய பிளாக் வருவதோ 12 நொடிக்கு ஒரு முறை; ஆகவே பன்னிரண்டில் பதினோரு கேள்விகளுக்கு முன்பு வந்த பதிலே திரும்ப வருகிறது, அதற்கும் கட்டணம் உண்டு. பிளாக்குக்கு ஒரு முறை மட்டும் கேட்டால் எண்ணிக்கை 2,40,000 ஆகக் குறையும். ஐந்து இருப்புகளையும், பல கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டுத் தரும் ‘மல்ட்டிகால்’ ஒப்பந்தத்தின் வழியாக ஒரே அழைப்பில் வாங்கினால் 48,000 போதும், அதாவது இன்றைய அளவில் அறுபதில் ஒரு பங்கு. பலரும் இதை ‘பேட்ச்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். பேட்ச்சில் அழைப்புகள் ஒன்றாக அனுப்பப்பட்டாலும் பொதுவாகத் தனித்தனியாகவே எண்ணப்படும் என்பதால் அதில் கட்டணம் மிச்சமாகாது. வெப்சாக்கெட்டில் (தொடர்ந்து திறந்திருக்கும் இணைப்பு) சந்தா வைத்து, புதிய பிளாக் வந்ததும் செய்தி பெறலாம். ஆனால் வரும் செய்தியின் பைட் அளவுக்குக் கட்டணம் போடுவோரும் உண்டு, விலைப்பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சோதியுங்கள். உங்கள் ஏபிஐ சாவி (நிறுவனத்துக்கு உங்கள் கணக்கை அடையாளம் காட்டும் குறியீடு) உலாவியில் ஓடும் நிரலுக்குள் இருந்தால், அதை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் வேலைக்குப் பயன்படுத்தலாம். செலவு உங்கள் கணக்கில் ஏறும். உங்கள் தளத்தின் முகவரிக்கு மட்டும் அனுமதி என்று வரம்பு போடுங்கள். முடிந்தால் சாவியை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதற்குச் சொந்த நோடே வைத்துவிட்டால் என்ன?

பதில்: உங்கள் அளவுக்கு வேண்டாம் என்பேன். எதீரியத்தில் பிளாக்குகளை உறுதிசெய்யும் முறை 2022 செப்டம்பரில் மாறிய பிறகு, அதன் நோடுக்கு இரண்டு மென்பொருள்கள் சேர்ந்து ஓடவேண்டும்; 2 டெராபைட் அளவிலான வேகமான எஸ்எஸ்டி, அறாத இணைய இணைப்பு, அவ்வப்போது மேம்படுத்த ஓர் ஆள், இத்தனையும் தேவை. அப்படியும் வழக்கமான அமைப்பில் அந்த மென்பொருள்களில் ஒன்றான கெத், அண்மைய 128 பிளாக்குகளின் நிலையை (கணக்குகளின் இருப்பு போன்றவற்றை) மட்டுமே கையில் வைத்திருக்கும், அதாவது ஏறக்குறைய 25 நிமிடம். சென்ற மாதம் ஒரு கணக்கில் எவ்வளவு இருப்பு இருந்தது என்று கேட்க, பழைய நிலைகளையும் சேமித்து வைக்கும் ஆர்க்கைவ் நோடு வேண்டும், அதற்கு வட்டு இன்னும் பெரிதாக வேண்டும்.