ஏ.சி. இருந்தால் காற்று இருக்கிறது என்று அர்த்தமில்லை: உள்ளாட்சி ஊழியர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டே விஷயம் பற்றியவை. கொரோனாவுக்குப் பிறகு ஆபீசுக்குத் திரும்பியதில் இன்னும் தீராத குடைச்சல்கள் ஒன்று, ஆபீசில் யார் யாருக்கு இடம் இருக்கிறது என்பது இன்னொன்று. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்குத்தான் பதில். அப்புறம், எத்தனை பேர், எவ்வளவு பெரிய அறை, ஜன்னல் உண்டா இல்லையா எதுவுமே எழுதாமல் "எங்கள் அலுவலகம் பாதுகாப்பானதா?" என்று ஒரே வரி அனுப்பியவர்களுக்கு: தெரியாது. நான் ஜோசியம் பார்ப்பதில்லை.

கேள்வி: பதிவேட்டு அறையில் 14 பேர் உட்கார்ந்திருக்கிறோம். 6 மீட்டர், 5 மீட்டர், உயரம் 3 மீட்டர். ஜன்னலைத் திறக்கச் சொன்னால் "ஏ.சி.தான் ஓடுகிறதே" என்கிறார் மேலாளர்.

அளவோடு எழுதியதற்கு நன்றி, இப்படித்தான் கேட்க வேண்டும். சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர வைத்துத் திருப்பித் தருகிறது. அந்த 14 பேரும் விட்ட மூச்சைத்தான் 14 பேரும் இழுக்கிறீர்கள். ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று வேண்டும் என்று 2021ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. உங்கள் அறைக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 500 கன மீட்டர். அறையே 90 கன மீட்டர்தான். ஆக, மொத்தக் காற்றும் மணிக்கு ஐந்தாறு முறை மாற வேண்டும். சாத்திய ஜன்னலோடு ஒரு முறை மாறினாலே அதிசயம்.

வாதம் பண்ணாதீர்கள், ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கி வையுங்கள். நாம் மூச்சில் விடும் வாயு அது, அறையில் அது ஏறினால் காற்று மாறவில்லை என்று அர்த்தம். வெளியே சுமார் 420 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) காட்டும். உள்ளே 800க்குள் இருந்தால் நல்லது, 1500ஐத் தாண்டினால் அன்றைக்கே ஜன்னலைத் திறக்க வேண்டும். மீட்டரை உங்கள் மூக்குக்கு நேராக வைத்துவிட்டு "3000 காட்டுகிறது" என்று எனக்கு எழுதாதீர்கள், நாம் விடும் மூச்சிலேயே அது 40,000 பிபிஎம் இருக்கும். அறை நடுவில் வையுங்கள், மதியம் பாருங்கள், தேதி போட்டு எழுதி மேலாளரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்தால் கிருமி குறையும், ஆனால் வாயுவை அது பிடிக்காது, மீட்டர் எண் குறையாது. அதைப் பார்த்துவிட்டு இயந்திரம் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

கேள்வி: வாசலில் இன்னும் நெற்றிக்கு நேரே வெப்பமானி நீட்டுகிறார்கள். அவசியமா?

இல்லை. காய்ச்சல் வருவதற்கு முன்பே, சிலருக்குக் காய்ச்சலே வராமலும் பரவும் நோய் இது. அந்தக் காவலாளிக்கு வேறு வேலை கொடுங்கள்.

கேள்வி: வரி வசூல் கவுன்ட்டரில் 2020ல் வைத்த பிளாஸ்டிக் தடுப்பை எடுத்துவிடலாமா?

எடுங்கள். நேராகத் தெறிக்கும் எச்சிலைத்தான் அது தடுக்கும், காற்றில் மிதக்கும் நுண்துளி அதைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். காற்றில் பரவுகிறது என்று 239 விஞ்ஞானிகள் சேர்ந்து எழுதியது 2020 ஜூலையில், நம் ஆட்கள் அதற்கு அப்புறமும் மேஜை மேஜையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். காது மந்தமான பெரியவர் ஒருவர் அந்தச் சின்ன ஓட்டைக்குள் தலையை விட்டு, வரி பாக்கி எவ்வளவு என்று மூன்றாம் முறை கேட்பதை ஒரு நாள் நின்று பாருங்கள், நீங்களே கழற்றிவிடுவீர்கள். பணப் பாதுகாப்புக்கான கண்ணாடி வேறு, அதில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: ஆபீசுக்கு வாங்கிய ஆக்சிமீட்டர் எல்லோருக்கும் ஒரே மாதிரி காட்டுமா?

காட்டாது. இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அது தோல் வழியாக ஒளியைச் செலுத்தி அளக்கிறது, கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கருவி "பரவாயில்லை" என்று காட்டியும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தது கறுப்பின நோயாளிகளில் சுமார் 12 சதவீதம் பேருக்கு, வெள்ளையரில் சுமார் 4 சதவீதம் பேருக்கு. எண் நன்றாக இருந்தும் ஒருவருக்கு மூச்சு வாங்கினால் மூச்சை நம்புங்கள், கருவியை அல்ல.

கேள்வி: தட்டச்சுப் பிரிவில் பெண்கள் எல்லோரும் சால்வையோடு உட்கார்ந்திருக்கிறோம். ஆண்கள் புழுக்கம் என்கிறார்கள். நாங்கள்தான் மிகையாகச் சொல்கிறோமா?

இல்லை. ஆபீஸ் குளிருக்கான கணக்கு 1960களில் போட்டது, அதில் அளவுகோலாக எடுத்தது சுமார் 70 கிலோ எடையுள்ள, 40 வயது ஆண் ஒருவரின் உடல் வெப்பத்தை. பெண்களுக்கு இந்தக் கணக்கு 35 சதவீதம் வரை தப்பலாம் என்று 2015ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரண்டு டிகிரி ஏற்றுங்கள், புழுக்கம் என்பவர்கள் மின்விசிறி அடியில் உட்காரட்டும்.

கேள்வி: எங்கள் ஆண்டறிக்கையில் ஊழியர்களில் 46 சதவீதம் பெண்கள் என்று வந்திருக்கிறது. கேக் வெட்டிக் கொண்டாடினோம். அடுத்த ஆண்டு இதை 50 ஆக்க என்ன செய்யலாம்?

முதலில் கேக்கைக் கீழே வையுங்கள்.

அந்த 46ஐ உடைத்துப் பார்த்தீர்களா? ஒரு கணக்குப் போடுகிறேன், எண்கள் என் கற்பனைதான். 400 பேர் வேலை செய்யும் ஒரு நகராட்சியில் 184 பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 150 பேர் துடைப்பத்தோடும் குப்பை வண்டியோடும் நிற்பவர்கள், 28 பேர் எழுத்தர், தட்டச்சர், மீதி 6 பேர் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர்கள். 46 சதவீதம் என்பது பொய்யில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்தால் பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியுமா? இனம், மொழி, மாற்றுத்திறன், திருநர் என எதை எடுத்தாலும் இதே கதைதான். மொத்தமாகச் சொன்னால் பன்முகம், மாடி மாடியாகப் பிரித்தால் மேல் மாடியில் ஒரே முகம். அதுவும் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள் உங்கள் கணக்கிலேயே இல்லை என்பேன், பந்தயம் வேண்டுமானால் கட்டுகிறேன்.

கொரோனாவில் இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது. "ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள்" என்று எழுதுகிறார்களே, எந்த ஊழியர்கள்? குப்பையை வீட்டிலிருந்து அள்ள முடியுமா? குடிநீர் வால்வை லேப்டாப்பில் திருப்ப முடியுமா? மயானத்தில் நின்றவர் யார்? அவர்கள் வீட்டுக்குப் போகவே இல்லை, அதனால் அவர்களுக்கு "மறுதிறப்பு" என்று ஒன்றும் இல்லை. திரும்பி வந்தவர்களுக்கு வரவேற்புச் சுற்றறிக்கை, போகாதவர்களுக்கு அதன் நகல்கூடப் போகவில்லை. அடுத்த அறிக்கையில் ஒவ்வொரு படிநிலையிலும் யார் எத்தனை பேர், வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி பெற்றவர் யார், பதவி உயர்வு யாருக்கு, இரண்டு ஆண்டுக்குள் வேலையை விட்டவர் யார் என்று போடுங்கள். ஒப்பந்த ஆட்களையும் சேர்த்து.

ஒரு எச்சரிக்கை. பிரித்துப் போடுகிறேன் என்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் "பெயர் வேண்டாம்" என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். பிரிவு, வயது, உடல் குறைபாடு உண்டா என்று மூன்றே கட்டம். தபால் பிரிவில் மொத்தம் நாலு பேர், காதில் கருவி மாட்டியவர் ஒரே ஒருவர். அவர் மூன்றாம் கட்டத்தை வெறுமையாக விட்டார். மறுநாள் அதிகாரி அவர் மேஜைக்கே வந்து, எல்லோர் முன்னாலும், "இதை நிரப்பவில்லையே?" என்று அதே தாளை நீட்டினார். அந்த மனிதர் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. ஐந்து பேருக்குக் குறைவாக உள்ள எந்தக் கட்டத்தையும் வெளியிடாதீர்கள், பத்து என்று வைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: விண்ணப்பத்தில் பெயரை மறைத்துவிட்டால் பாரபட்சம் போய்விடுமா?

குறையும், போகாது. 2004ல் வெளியான அமெரிக்கச் சோதனையில், ஒரே தகுதி இருந்தும் கறுப்பினத்தவர் பெயர் போட்டவற்றைவிட வெள்ளையர் பெயர் போட்ட விண்ணப்பங்களுக்கு 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. பெயரை மறைத்தாலும் படித்த பள்ளியும் முகவரியும் பேசும். நேர்காணலில் எல்லோருக்கும் அதே கேள்விகள், அதே வரிசை, குழுவினர் தங்களுக்குள் பேசுவதற்கு முன்பே மதிப்பெண்ணை எழுதிவிட வேண்டும். 2020, 21ல் வேலை இடைவெளி இருந்தால் அதைக் குற்றமாக எடுக்காதீர்கள், வீட்டில் நோயாளியையும் பிள்ளையையும் யார் பார்த்தார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: கொரோனா வந்துபோன ஒரு ஊழியர் இன்னும் களைப்பு, மறதி என்கிறார். நடிக்கிறார் என்று நினைக்கிறேன். என்ன நடவடிக்கை எடுக்கலாம்?

நீங்கள் டாக்டரா? நோய் தொடங்கி மூன்று மாதம் கழிந்தும், வேறு காரணம் இல்லாமல், குறைந்தது இரண்டு மாதமாவது நீடிக்கும் உபாதைகளை உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே தனி நிலையாக வரையறுத்துவிட்டது. இன்று ஓடியாடி வேலை செய்தவர் நாளை எழுந்திருக்க முடியாமல் போவது அதில் சகஜம். மருத்துவ அறிக்கை வாங்குங்கள், மாடிப்படி ஏறாத இடத்தில் மேஜை போடுங்கள், இடைவேளையைப் பிரித்துக் கொடுங்கள். அவர் கேட்டதையும் நீங்கள் கொடுத்ததையும் எழுத்தில் வையுங்கள். எத்தனை முறை சொல்வது, எழுத்தில்!

கேள்வி: மாமியார் படுக்கையில். வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கேட்டால் "எல்லோரும் கேட்பார்கள்" என்கிறார்கள்.

கஷ்டத்தைச் சொல்லாதீர்கள், வேலையைச் சொல்லுங்கள். உங்கள் பணிகளில் எது எது கவுன்ட்டரில் நின்றே ஆக வேண்டும், எது வேண்டாம் என்று ஒரு தாளில் பிரித்து, மூன்று மாதம் சோதனையாகக் கேளுங்கள். வாய்மொழியாக "சரி பார்க்கலாம்" என்றால் அது இல்லை என்றே அர்த்தம்.

கேள்வி: 2020லிருந்து பூட்டிக் கிடந்த சமுதாயக் கூடத்தைத் திறக்கப் போகிறோம். சுண்ணாம்பு அடித்தாயிற்று. வேறு ஏதாவது?

தண்ணீர்! சுவரை எல்லோரும் பார்ப்பார்கள், குழாயை யாரும் பார்ப்பதில்லை. தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில், 25லிருந்து 45 டிகிரிக்குள், லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். அந்த நீர்த்துளியை மூச்சில் இழுத்தால் நிமோனியா வரலாம். தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள், குளோரின் போடுங்கள், ஷவர் தலைகளைக் கழற்றி ஊறவையுங்கள், எல்லாக் குழாயையும் நன்றாக ஓடவிடுங்கள். ஓடவிடும்போது கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும், சாரல் அடிக்கும் இடத்தில் யாரும் நிற்க வேண்டாம். இந்த வேலைக்கு அனுப்பப்போவது ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவரைத்தான் என்று எனக்குத் தெரியும். அவருக்கு நல்ல முகக்கவசம் கொடுங்கள், துணி முகக்கவசம் போதாது.