காட்டு வாத்து வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் தந்தை பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி, ஓய்வுக்குப் பின் பிரான்சிலேயே தங்கிவிட்டவர். அவர் காலமானபோது, சேந்த்-எத்தியேன் நகரில் தயாரான ரொபுஸ்த் வகை இரட்டைக் குழல் 12 போர் (குழல் துளையின் அளவு) துப்பாக்கி ஒன்று என் மகனுக்கு வந்து சேர்ந்தது. மகன் வட பிரான்சில் அப்வில் நகருக்கு அருகே வசிக்கிறான். சென்ற ஆண்டு வேட்டை உரிமத் தேர்விலும் தேறிவிட்டான். வரும் நவம்பரில் சோம் விரிகுடாவுக்குக் காட்டு வாத்து வேட்டைக்குப் போக இருக்கிறான்; நானும் உடன் போவதாகத் திட்டம். பழைய துப்பாக்கியே போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா, தோட்டா எந்த எண்ணில் வாங்குவது?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தோட்டாவை முதலில் முடிவு செய்யுங்கள், துப்பாக்கி அதற்குப் பின்னால் வரட்டும். நம் பக்கத்தில் வழக்கம் இதற்கு நேர்மாறானது என்பதை அறிவேன். வீட்டில் ஒரு டபுள் பேரல் இருக்கும். கடையில் கிடைக்கிற தோட்டாவை அதில் போடுவார்கள். தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளான ரவை எல்லாமே ஈயமாக இருந்த காலத்தில் அது சரியாகவே இருந்தது. நீர்ப்பறவை வேட்டையில் அந்தக் காலம் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் 1991 முதலே வாத்து வேட்டைக்கு ஈய ரவை கூடாது. பிரான்சு 2006-இல் சதுப்பு நிலங்களில் அதைத் தடை செய்தது. 2023 பிப்ரவரி 15 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் சதுப்பு நிலத்திலோ அதிலிருந்து 100 மீட்டருக்குள்ளோ ஈய ரவையைச் சுடுவது மட்டுமன்றி, அங்கே வேட்டைக்குப் போகையில் அதை உடன் வைத்திருப்பதும் குற்றம். ஆகவே உங்கள் தந்தையின் பெட்டியில் பழைய ஈயத் தோட்டாக்கள் மிச்சமிருந்தால், அவற்றை மகன் தவறியும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

காரணம் எளியது. இரையை அரைப்பதற்காக வாத்துகள் சேற்றிலிருந்து சிறு கற்களை விழுங்குகின்றன. சேற்றில் கிடக்கும் ஈய ரவைக்கும் கல்லுக்கும் அவற்றுக்கு வேறுபாடு தெரியாது. அரைப்பையில் தேயும் ஈயம் இரத்தத்தில் கலந்து பறவையைக் கொல்கிறது. அதைத் தின்னும் கழுகையும் தாக்குகிறது.

ஈயத்துக்கு மாற்றாகப் பெரும்பாலோர் வாங்குவது எஃகு ரவை. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11 கிராமுக்குச் சற்று மேல், எஃகுக்கு 7.8 கிராம்தான். ஒரே பருமனுள்ள இரண்டு ரவைகளில் எஃகு ரவை ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு எடைதான் இருக்கும் என்பதால், அது காற்றில் விரைவாக வேகம் இழக்கும். தொலைவில் வாத்தின் இறகையும் கொழுப்பையும் துளைத்து உள்ளே போகும் ஆற்றலும் குறையும். இதை ஈடுகட்ட, ஈயத்தில் வழக்கமாகப் பயன்படுத்துவதைவிட இரண்டு எண் பெரிய ரவையை எடுப்பது வேட்டைக்காரர்களின் நடைமுறை (எண் குறையக் குறைய ரவை பெரிது). ஈயத்தில் 6-ஆம் எண் போதுமென்று இருந்தவர் எஃகில் 4-ஆம் எண்ணுக்கு வர வேண்டும். ஈயத்தில் 5 என்றால் எஃகில் 3. பிரெஞ்சுக் கணக்கில் 4-ஆம் எண் என்பது 3.25 மில்லிமீட்டர், 3-ஆம் எண் 3.5 மில்லிமீட்டர். 32 கிராம் தோட்டாவில் 4-ஆம் எண் எஃகு ரவைகள் ஏறத்தாழ 225 இருக்கும். கிளுவை போன்ற சிறிய வாத்துக்கு அது தாராளம்; அங்கே கொல்வேர் என்று அழைக்கும் பச்சைத் தலை வாத்துக்கு நான் 3-ஆம் எண்ணையே சொல்வேன்.

இனித்தான் துப்பாக்கியின் கேள்வி எழுகிறது. எஃகு ரவை ஈயம்போல நசுங்கிக் கொடுக்காது. குழல் முனையில் சோக் என்ற குறுக்கம் இறுக்கமாக இருந்தால் அங்கே அழுத்தம் கூடிக் குழல் வீங்கலாம். ஐரோப்பியச் சோதனை விதிகள் எஃகுத் தோட்டாவை இரண்டாகப் பிரிக்கின்றன. சாதாரண வகை 12/70 (12 போர், 70 மில்லிமீட்டர் நீளம்) தோட்டாவில் ரவை 3.25 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. நல்ல நிலையில் உள்ள, வழக்கமான சோதனை முத்திரை பெற்ற துப்பாக்கியில் இதைச் சுடலாம். உயர்திறன் வகையில் பெரிய ரவையும் அதிக அழுத்தமும் உண்டு; அல்லிப் பூ வடிவில் ஃப்ளேர்-த-லீஸ் முத்திரை குத்தப்பட்ட துப்பாக்கியில் மட்டுமே அதைப் போட வேண்டும். அதிலும் ரவை 4 மில்லிமீட்டரைத் தாண்டினால், அரை சோக்குக்கு மேல் இறுக்கம் கூடாது.

உங்கள் ரொபுஸ்தை மகன் குழல் கழற்றிப் பார்க்கட்டும். அடிப்பாகத்தில் 12-65 என்றோ 12-70 என்றோ தோட்டா அறையின் நீளம் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய பிரெஞ்சுத் துப்பாக்கிகள் பலவற்றில் அறை 65 மில்லிமீட்டர்தான். இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டா அதில் நுழைந்துவிடும் என்பதே ஆபத்து: சுடும்போது விரியும் தோட்டாவின் வாய்க்கு இடம் போதாமல் அழுத்தம் ஏறிவிடும். இரண்டாவதாக, அக்காலத்து இரட்டைக் குழல்களில் பெரும்பாலும் வலக் குழல் அரை சோக்காகவும் இடக் குழல் முழு சோக்காகவும் இருக்கும். முழு சோக்கில் எஃகைச் சுடக் கூடாது. துப்பாக்கிக் கம்மியர் சோக்கைத் தளர்த்தித் தர முடியும் என்றாலும், ஒரு தலைமுறை பழக்கப்படுத்திய குழலைக் கடைந்து கெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அதற்கு வேறு வழி உண்டு. பிஸ்மத் ரவை ஈயம்போல மென்மையானது. அடர்த்தி சுமார் 9.6. பழைய குழலுக்கும் சோக்குக்கும் அது பகையில்லை. தோட்டா அறையின் நீளத்துக்குப் பொருந்தும் பிஸ்மத் தோட்டாவை வாங்கிக்கொண்டால், கம்மியர் ஒருமுறை சோதித்து நலம் என்று சொன்ன பின், உங்கள் தந்தையின் துப்பாக்கியோடே மகன் வேட்டைக்குப் போகலாம். விலை எஃகைப்போலப் பல மடங்கு. ஆனால் ஆண்டுக்கு ஓரிரு முறை போகிறவருக்குப் புதுத் துப்பாக்கியைவிட அதுவே சிக்கனம். ரவை எண்ணை ஈயத்துக்கு நெருக்கமாக, ஒரு எண் மட்டும் பெரிதாக்கி எடுத்தால் போதும்.

மகன் பருவம் முழுவதும் போகப் போகிறான் என்றால் எஃகுதான் கட்டுப்படியாகும். அப்போது புதிதாக வாங்கட்டும். 12 போர், 76 மில்லிமீட்டர் அறை, ஃப்ளேர்-த-லீஸ் முத்திரை, மாற்றிக்கொள்ளும் சோக்குகள்: இவை இருந்தால் போதும். 89 மில்லிமீட்டர் அறையைக் கடைக்காரர் எடுத்துக்காட்டலாம். தோளுக்கு நோவைத் தவிர வேறு பெரிய லாபம் அதில் இல்லை. 20 போர் லேசானது, எஃகு ரவைக்கு இடம் குறைவு. அமெரிக்கக் காணொளிகளில் பெருமையோடு காட்டப்படும் பம்ப் துப்பாக்கி, வழவழப்பான குழல் கொண்டது, பிரான்சில் வேட்டைக்கு ஆகாது. அரைத் தானியங்கித் துப்பாக்கி அனுமதிக்கப்பட்டாலும், மொத்தம் 3 தோட்டாக்களுக்கு மேல் அது கொள்ளக் கூடாது. அதன் உதைப்பு குறைவு என்பது உண்மை. எனினும் புதிதாக உரிமம் பெற்றவருக்கு மேலும் கீழுமாகக் குழல் அமைந்த துப்பாக்கியையே நான் பரிந்துரைப்பேன்: இருட்டில், நெருக்கமான இடத்தில், அதைத் திறந்து மடித்துவிட்டால் உள்ளே தோட்டா இல்லை என்பது பக்கத்தில் இருப்பவர் எல்லோருக்கும் தெரியும். சோம் விரிகுடாவின் சேறு உப்புச் சேறு. மரக் கட்டையைவிடச் செயற்கைக் கட்டை அங்கே நெடுநாள் உழைக்கும், இரவே துடைத்து எண்ணெயிடாத குழல் காலையில் துருவைக் காட்டும்.

அப்பகுதியில் வேட்டை இரு வகை. அந்தியில் மேய்ச்சலுக்குப் பறந்து போகும் வாத்துகளைக் கரையில் நின்று சுடுவது ஒன்று. நீர்க்கரையில் பாதி புதைந்த குடிலில் இரவெல்லாம் காத்திருந்து, அழைப்பு வாத்துகளின் குரலுக்கு இறங்குபவற்றை நீரில் சுடுவது மற்றொன்று. பறப்பவைக்குக் கால் சோக் போதும். எஃகு இயல்பிலேயே நெருங்கிச் செல்வதால், அரை சோக்கே ஈயத்தின் முழு சோக்கைப்போல நடந்துகொள்ளும். குடிலில் அரை சோக் சரி. ஆனால் எஃகு ரவை நீரிலும் கல்லிலும் பட்டுத் தெறிக்கும் என்பதை நினைவில் கொண்டு, எதிர்க்கரையில் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் விசையைத் தொடக் கூடாது.

எதைத் தேர்ந்தாலும் 35 மீட்டருக்கு அப்பால் சுட வேண்டாம். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் வாத்து, ரவை 35 மீட்டரைக் கடப்பதற்குள் இரண்டு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. அந்த முன்கணிப்பே கடினம், அதற்கும் அப்பால் காயம்பட்டு நாணலுக்குள் போய் வீணாகச் சாகும் பறவைகள்தான் கூடும். புறப்படுவதற்கு முன் சுடுதளத்தில், பெரிய தாளில் 75 சென்டிமீட்டர் வட்டம் வரைந்து, 35 மீட்டரிலிருந்து சுட்டு, ரவை எங்கே விழுகிறது, இடைவெளி எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரே எண்ணில் இரண்டு தயாரிப்புகள் ஒரே குழலில் வேறு வேறு விதமாக விழுவது சாதாரணம். இந்த ஒரு நாள் வேலை, கடைக்காரரின் பேச்சைவிடவும் இந்தப் பத்தியைவிடவும் அதிகம் கற்றுத்தரும்.

இரண்டு செய்திகள் மீதி. வாரிசாக வந்த வேட்டைத் துப்பாக்கி பிரான்சில் சி பிரிவில் அடங்கும். அதை மகன் தன் பெயரில் அறிவித்துப் பதிவு செய்திருக்க வேண்டும். உங்களைப் பொறுத்தவரை, உரிமம் இல்லாமல் துப்பாக்கியைக் கையில் எடுக்க முடியாது. பயிற்சி பெற்றபின் ஓராண்டுக்கு, இருவருக்கு ஒரே துப்பாக்கி என்ற நிபந்தனையோடு, துணையுடன் வேட்டையாடும் அனுமதி ஒன்று உண்டு. ஆனால் உடன் இருப்பவர் குறைந்தது 5 ஆண்டுகள் உரிமம் வைத்திருக்க வேண்டும் என்பதால் உங்கள் மகன் அதற்கு இன்னும் தகுதி பெறவில்லை. இந்த முறை தேநீர்க் குடுவையோடு குடிலில் உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: டெக்சாசில் இருக்கும் என் மைத்துனர் வாத்துக்கு 2-ஆம் எண் எஃகு என்கிறார்; லண்டனில் இருக்கும் அண்ணன் 3-ஆம் எண் என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: இருவரும் சொல்வது இரண்டு வேறு ரவைகள். அமெரிக்க 2-ஆம் எண் 3.8 மில்லிமீட்டர், பிரிட்டன் கணக்கில் 3-ஆம் எண் 3.3 மில்லிமீட்டர், அது அமெரிக்க 4-ஆம் எண்ணுக்குச் சமம். நாட்டுக்கு நாடு எண் மாறுவதால் மில்லிமீட்டரிலேயே பேசிக்கொள்வது நல்லது. இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில், அருகில் வரும் வாத்துக்கு 3.3 போதும், குளிர் முற்றி, இறகும் கொழுப்பும் தடித்த பெரிய வாத்துகளைச் சற்றுத் தொலைவில் சுட நேர்ந்தால் 3.8 பொருத்தம். டெக்சாசிலும் துப்பாக்கி 3 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாதபடி உள்ளே அடைப்பு வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: மார்கழியில் பெருமாள் ஏரிக்கு ஆயிரக்கணக்கில் வாத்துகள் வருகின்றன. என்னிடம் தாத்தா காலத்து 12 போர் துப்பாக்கி, உரிமத்தோடு இருக்கிறது. இங்கே சுட ஏதாவது வழி உண்டா?
– வாசகர், குறிஞ்சிப்பாடி, கடலூர் மாவட்டம்

பதில்: இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வாத்துகள் அனைத்தையும் காக்கிறது. ஊசிவால் வாத்தானாலும் நீலச்சிறகியானாலும் புள்ளிமூக்கு வாத்தானாலும் வேறுபாடில்லை. துப்பாக்கி உரிமம் என்பது ஆயுதத்தை வைத்திருக்க அனுமதியே தவிர வேட்டை அனுமதி அன்று; பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கிய உரிமமும் அப்படியே. ஏரி சரணாலயமாக அறிவிக்கப்படவில்லை என்ற வாதமும் செல்லாது. தடை நாடு முழுவதற்கும் உரியது. ஊசுடு ஏரி, கழுவேலி போன்ற சரணாலயங்களுக்குள் நடந்தால் தண்டனை இன்னும் கடுமை. சுடுவதோடு முடியவில்லை, சாலையோரத்தில் யாரோ கொண்டுவந்து விற்கும் காட்டு வாத்தை வாங்குவதும் குற்றமே. வாத்துக் கறிதான் ஆசை என்றால், அறுவடை முடிந்த வயல்களில் மேய விடப்படும் வளர்ப்பு வாத்துகள் நம் மாவட்டத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. சுடுவதுதான் ஆசை என்றால், ரைபிள் கிளப்பில் சேர்ந்து, பறக்கவிடப்படும் களிமண் தட்டுகளைச் சுடுங்கள். அதே 12 போர் துப்பாக்கி அதற்குப் போதும்.

கேள்வி: பிரான்சில் உறவினர் வீட்டில் காட்டு வாத்துக் கறி சாப்பிடும்போது ரவை பல்லில் கடிபட்டது. எப்படித் தவிர்ப்பது?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: எஃகு ரவையாக இருந்திருந்தால் பல் உடைந்திருக்கலாம், ஈயமோ பிஸ்மத்தோ என்றால் நசுங்கியிருக்கும். இறகு பிடுங்கியபின் தோலில் கறுத்த புள்ளியோ, இறகு உள்ளே இழுபட்ட துளையோ இருக்கும் இடங்களைக் கீறிப் பார்க்க வேண்டும். ரவை தன்னோடு இறகையும் உள்ளே கொண்டுபோயிருக்கும். எஃகு என்று உறுதியாகத் தெரிந்தால், வலுவான காந்தம் ஒன்றைக் கறித் துண்டுகளின்மேல் மெதுவாக நகர்த்தினாலே மேலோட்டமாக உள்ளவை அகப்படும்; ஈயமும் பிஸ்மத்தும் காந்தத்துக்கு வராது. ஈயத்தால் சுட்ட பறவையென்றால், காயத்தைச் சுற்றிய சதையைத் தாராளமாக வெட்டி எறிந்துவிடச் சொல்லுங்கள், குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அந்தக் கறியைப் பரிமாறவே வேண்டாம்.