கேளுங்கள், சொல்கிறேன்

(ஹைதராபாத் அணு எரிபொருள் வளாகத்தில் வேலை பார்த்துவிட்டுத் தேவகோட்டைக்குத் திரும்பியவர் பதில் சொல்கிறார்.)

கே: பேரனுக்கு ஹைதராபாத் அணு எரிபொருள் வளாகத்தில் வேலை. யுரேனியத்தின் பக்கத்திலேயே நிற்க வேண்டுமாமே, உடம்புக்கு ஆகுமா? (ஒரு வாசகி, பள்ளத்தூர்)

ஆச்சி, அணு உலைக்குள் எரிந்து வெளியே வந்த எரிபொருளைத்தான் யாரும் நெருங்க முடியாது. பேரன் கையாளப்போவது எரியாத புது எரிபொருள். இயற்கை யுரேனியத்தின் கதிர்வீச்சில் பெரும்பகுதி தோலைத் தாண்டாது. ஆனால் தூசி மூச்சோடு உள்ளே போகக் கூடாது. பொடி புழங்கும் இடத்தில் முகமூடி, அவ்வப்போது சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் அதற்குத்தான். இதில் சோம்பல் கூடாது என்று பேரனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பொடியை வில்லையாக அழுத்தி, ஹைட்ரஜன் சூழ்ந்த சூளையில் சுமார் 1,700 டிகிரியில் சுடுவார்கள். கறுப்பாகச் சுண்டுவிரல் நுனி அளவில் வரும். அதைச் சிர்கலாய் என்ற உலோகக் கலவைக் குழாயில் அடுக்கி, இரு முனையையும் வெல்டிங் செய்து அடைப்பார்கள். இப்படி 19 குழாய் சேர்ந்தது ஒரு கட்டு. நீளம் அரை மீட்டர். கல்பாக்கத்தில் உள்ளது போன்ற 220 மெகாவாட் அணு உலைக்கு, கட்டுகளை வரிசையாக வைக்கும் சேனல் 306, சேனலுக்கு 12 கட்டு. பெருக்கிப் பாருங்கள், 3,672 வரும்.

எங்களைப் பாடாய்ப் படுத்தியது என்னவோ யுரேனியமில்லை, அந்தக் குழாய்தான். சிர்கலாயில் பெரும்பகுதி சிர்க்கோனியம். அதன் மூலப்பொருளான சிர்க்கான் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது; தூத்துக்குடி பக்கம் பழையகாயலில் சிர்க்கோனியமாக்கும் ஆலையும் இருக்கிறது. ஆனால் கூடவே ஹாஃப்னியமும் வரும். ரசாயன குணத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், லேசில் பிரியாது. ஹாஃப்னியமோ, யுரேனியத்தைப் பிளக்கும் துகளான நியூட்ரானை விழுங்கும். இயற்கை யுரேனியத்தில் எளிதாகப் பிளவது 0.7 சதவீதம்தான். நியூட்ரானை வீணாக்கினால் உலை ஓடுமா?

கே: கூடங்குளத்துக்கும் எரிபொருள் ஹைதராபாத்திலிருந்துதானா? (ஒரு வாசகர், திருப்பத்தூர்)

இல்லை. அது செறிவூட்டிய, அதாவது எளிதாகப் பிளவும் பங்கைக் கூட்டிய யுரேனியம்; ரஷ்யாவிலிருந்து வருகிறது.

கே: காரைக்குடியில் ஐடிஐ வெல்டர் முடித்த மகனுக்கு இந்தத் துறையில் இடமுண்டா? ஹைதராபாத்தெல்லாம் தூரம் அண்ணே. (ஒரு வாசகர், கானாடுகாத்தான்)

திருச்சி பெல் ஆலையைக் கவனித்துக்கொண்டே இருங்கள் தம்பி. நம் அணுமின் நிலையங்களுக்கு நீராவி உற்பத்திக் கலன்கள் அங்கே செய்கிறார்கள். உள்ளே அத்தனை குழாய், அத்தனை வெல்டிங். ஒரு இடத்தில் கசிந்தாலும் தலைவலி. அதனால் வெல்டருக்குத் தகுதித் தேர்வு கடுமையாக இருக்கும். ஐடிஐ சான்றிதழோடு நிறுத்தாமல் பையனை டிக் (டங்ஸ்டன் முனையில் மந்த வாயு சூழச் செய்யும்) வெல்டிங்கில் கை பழகச் சொல்லுங்கள்.