ஒளி வரவில்லை என்றால் தண்ணீர் சுத்தமா?

கேள்வி: சார், தண்ணீரில் ஆன்டிபயாட்டிக் கலந்திருக்கிறதா என்று ஒளிரும் பாக்டீரியாவை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்கள். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லுமே! அதைக் கண்டுபிடிக்க பாக்டீரியாவையே வைத்தால் செத்துப்போகாதா?

பதில்: அளவு கூடினால் சாகும்தான். நாம் தேடுவது அதற்கு வெகு கீழே உள்ள அளவை. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் பாக்டீரியாக்களிடம் டெட்-ஆர் என்றொரு புரதம் உண்டு. மருந்து இல்லாத நேரத்தில் அது டிஎன்ஏ மேல் உட்கார்ந்துகொண்டு எதிர்ப்பு மரபணுவை அடக்கி வைத்திருக்கும். மருந்து வந்து ஒட்டியதும் பிடியை விட்டுவிடும். எதிர்ப்பு மரபணுவுக்குப் பதிலாக ஒளிரும் மரபணுக்களை அங்கே பொருத்திவிட்டால், மருந்து பட்டதும் நாம் வைத்திருக்கும் ஈ.கோலை பாக்டீரியா ஒளிரும்.

கேள்வி: எல்லா மருந்துக்கும் இது ஒன்றே போதுமா?

பதில்: போதாது. எரித்ரோமைசின் வகைக்கு எம்பிஎச்-ஆர் என்ற வேறு புரதம். சிப்ரோஃப்ளாக்சசின் டிஎன்ஏவைச் சேதப்படுத்துவதால், செல்லின் எஸ்ஓஎஸ் பழுதுபார்ப்பு ஏற்பாட்டோடு ஒளியை இணைப்பார்கள். புற ஊதாக் கதிர் பட்டாலும் அதே ஒளிதான் வரும் என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை கொஞ்சம் குறைவு.

கேள்வி: ஆற்றுத் தண்ணீரில் சோதித்தேன், ஒளியே இல்லை. மருந்து இல்லை என்று அறிக்கையில் எழுதலாமா மேடம், சார் யாராவது சொல்லுங்கள்.

பதில்: தயவுசெய்து எழுதாதீர்கள். வேறு நச்சு ஏதாவது செல்களை முடக்கியிருக்கலாம். கலங்கல் ஒளியை மறைத்திருக்கலாம். தண்ணீரிலுள்ள மெக்னீசியமும் கால்சியமும் டெட்ராசைக்ளினைப் பிடித்துக்கொண்டால் அது செல்லுக்குள் எளிதில் நுழையாது. அந்த உலோகங்களைக் கட்டிப்போடும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்துப் பாருங்கள். ஒளியை உண்டாக்கும் நொதியான லூசிஃபரேஸுக்கு ஆக்சிஜன் வேண்டும், குழாயை இறுக மூடி வைத்தீர்களா? அதே தண்ணீரில் ஒரு பங்கை எடுத்து, தெரிந்த அளவு மருந்தைக் கலந்து ஒளி வருகிறதா என்று பாருங்கள்; வராவிட்டால் அந்தத் தண்ணீரில் சோதனையே வேலை செய்யவில்லை. பக்கத்தில், மருந்து இல்லாவிட்டாலும் எப்போதும் ஒளிரும் ஒரு பாக்டீரியா ரகத்தையும் வையுங்கள். அதுவும் மங்கினால் தண்ணீரிலுள்ள வேறு ஏதோ ஒன்றுதான் கோளாறு செய்கிறது. இன்னொன்று: சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராமைத் தாண்டினாலே எதிர்ப்புள்ள கிருமிகள் தழைக்கக்கூடும் என்பது 2016இல் வந்த ஒரு மதிப்பீடு. உங்கள் சென்சார் பாக்டீரியாவுக்கு அவ்வளவு நுட்பம் உண்டா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: தண்ணீரிலுள்ள வேதிப்பொருள்களைப் பிரித்து அளக்கும் எல்சி-எம்எஸ் கருவி இருக்க இது எதற்கு?

பதில்: மொத்தம் எவ்வளவு என்பதை அது சொல்லும், செல்லுக்குள் போய் வேலை செய்வது எவ்வளவு என்பதை இது காட்டும். நிறைய சாம்பிள்களை இதில் சலித்து, ஒளிர்ந்ததை மட்டும் அதற்கு அனுப்பலாம்.

கேள்வி: இந்த பாக்டீரியாவை நேரடியாக ஆற்றிலேயே விட்டுவிட்டால்?

பதில்: கூடவே கூடாது. இவற்றின் பிளாஸ்மிடில் (நாம் மரபணுக்களை ஏற்றி அனுப்பும் சிறு டிஎன்ஏ வளையத்தில்) பெரும்பாலும் ஆம்பிசிலின் எதிர்ப்பு மரபணு போன்ற ஒன்று இருக்கும். எதைப் பார்த்துப் பயப்படுகிறோமோ அதையே ஆற்றில் கலப்பதாகிவிடும்! மூடிய குப்பிக்குள்ளேயே வேலையை முடித்துவிட்டு, ஆட்டோகிளேவில் உயர் அழுத்த நீராவியால் கொன்றுவிடுங்கள். உயிருள்ள செல்லே வேண்டாம் என்றால் 2020இல் வெளிவந்த ரோசலிண்ட் முறையைப் படியுங்கள். அதில் செல்லுக்குப் பதிலாக டெட்-ஆர் போன்ற புரதமும் டிஎன்ஏவும் ஒரு நொதியும் ஒளிரும் சாயமும் குழாயில் இருக்கும்; மருந்து வந்தால் ஒளிரும்.