மாற்றுச் சிறுநீரகம்: இன்டர்லூக்கின் ஊசி போட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: வயது 34. மூன்று ஆண்டுகளுக்கு முன் அம்மா எனக்குச் சிறுநீரகம் கொடுத்தார். அந்த உறுப்பை என் உடல் தாக்காமல் தடுக்க டாக்ரோலிமஸ், மைகோபினோலேட், ஸ்டீராய்டு என்ற மூன்று மருந்துகளும் சாப்பிடுகிறேன். கை நடுங்குகிறது, சர்க்கரையும் ஏறுகிறது. இன்டர்லூக்கின் ஊசி போட்டால் மாற்று உறுப்பை உடலே ஏற்றுக்கொள்ளும் என்று படித்தேன். அதைப் போட்டுக்கொண்டு மாத்திரைகளை விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து ஒருவேளை மாத்திரையைக்கூட விடாதீர்கள். நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது. ஆனால் அது இன்னும் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை.

நோய் எதிர்ப்புக்கான வெள்ளை அணுக்களில் ஒரு வகை டி செல்கள். நம் ரத்தத்தில் உள்ள இந்த டி செல்களில் சில, மற்ற செல்களின் தாக்குதலை அடக்கிவைக்கும். 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' என்று இவற்றுக்குப் பெயர். ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-இல் இவற்றை அடையாளம் காட்டினார். 2025 மருத்துவ நோபலைப் பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இந்தச் செல்கள் பிழைத்திருக்க இன்டர்லூக்கின்-2 என்ற புரதம் வேண்டும். அதைத் தாமாகத் தயாரிக்க இவற்றால் முடியாது; பக்கத்துச் செல்கள் சுரப்பதை நம்பித்தான் வாழ்கின்றன. டாக்ரோலிமஸ் அந்தச் சுரப்பையே குறைக்கிறது. தாக்கும் செல் அடங்குகிறது, சரி; தாக்குதலை அடக்கி உறுப்பைக் காக்கும் செல்லும் பட்டினி கிடக்கிறது.

அப்படியானால் வெளியிலிருந்து இன்டர்லூக்கின்-2 கொடுத்தால் என்ன? ஒழுங்குபடுத்தும் செல்களில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அதிகம். எனவே சிறிய அளவில் கொடுத்தால் அவையே முந்திக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார்கள். லண்டனில் கல்லீரல் மாற்று செய்துகொண்ட சிலருக்கு அப்படிக் கொடுத்தும் பார்த்தார்கள். காக்கும் செல்கள் பெருகத்தான் செய்தன. ஆனால் டாக்ரோலிமஸைக் குறைத்ததும் நிராகரிப்பு, அதாவது மாற்று உறுப்பை உடல் தாக்குவது, தலைதூக்கியது, ஆய்வை நிறுத்த வேண்டியதாயிற்று. கல்லீரலோ சிறுநீரகத்தைவிட எளிதில் ஒத்துப்போகும் உறுப்பு. அதிலேயே இப்படி என்றால், உங்கள் விஷயத்தில் நான் எப்படித் துணிவேன்?

எனக்கு அதிக நம்பிக்கை தருவது இன்னொரு வழி. நோயாளியின் ரத்தத்திலிருந்து செல்களை எடுத்து, ஆய்வகத்தில் இன்டர்லூக்கின்-2 போன்ற புரதங்களை ஊட்டி வளர்த்து, அவருக்கே திருப்பிச் செலுத்துவது. பல நாடுகள் சேர்ந்து நடத்திய 'ஒன் ஸ்டடி' ஆய்வில், உயிருடன் இருப்பவர்களிடமிருந்து சிறுநீரகம் பெற்றவர்களுக்குப் பல வகை ஒழுங்குபடுத்தும் செல்களைக் கொடுத்தார்கள். முடிவு 2020-இல் வந்தது. 38 பேரில் 15 பேர் ஒரே மருந்துடன் சமாளித்தார்கள். கவனியுங்கள், அவர்களும் மருந்தே இல்லாமல் இருக்கவில்லை.

கை நடுக்கமும் சர்க்கரையும் டாக்ரோலிமஸின் தெரிந்த பக்கவிளைவுகள்; சர்க்கரை ஏறுவதில் ஸ்டீராய்டுக்கும் பங்கு உண்டு. அளவைச் சரிசெய்ய வழி இருக்கிறது, அதைச் செய்ய வேண்டியவர் உங்கள் சிறுநீரக மருத்துவர். நிராகரிப்பு பல நேரம் வலியோ வீக்கமோ இல்லாமல், சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறுவதில்தான் முதலில் தெரியும். 'எதிர்ப்புச் சக்தி கூட்டும்' என்று யாராவது தரும் பொடி, கஷாயத்தையும் அவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இந்த வாரமே அவரைப் பாருங்கள். அன்று காலை டாக்ரோலிமஸைக் கையில் எடுத்துக்கொண்டு போய், பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். அப்போதுதான் ரத்தத்தில் மருந்தின் அளவு சரியாகத் தெரியும்.